மூன்று கிலோ டின், மூன்று விதம்: குளிர்பான டின்னை உருக்கிய செய்முறைப் பதிவு

ஒரே எடை, ஒரே உலை, ஒரே மூசை (உலோகத்தை உருக்கும் பாத்திரம்), ஒரே தராசு. மாற்றியது டின்னைத் தயார் செய்து போட்ட விதத்தை மட்டும். முதல் கிலோவை அப்படியே போட்டதில் 588 கிராம் அலுமினியம் திரும்பி வந்தது. இரண்டாவது கிலோவைச் சாயம் எரித்து, வில்லையாக அழுத்திப் போட்டதில் 694. மூன்றாவது கிலோவையும் வில்லையாக்கி, ஏற்கெனவே உருகியிருந்த குழம்புக்குள் அமுக்கி, மேலே உப்பால் மூடியதில் 835. வேலை நடந்த இடம் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு வெல்டிங் பட்டறையின் பின்புறம். மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. டின்கள் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் கறுப்புப் பைகளில் கிடந்தவை.

இந்த 588-க்கும் 835-க்கும் உள்ள வித்தியாசம் நெருப்பில் இல்லை, டின்னின் மெல்லிசில் இருக்கிறது. டின்னின் பக்கச் சுவர் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். மூடி அதைப் போல இரண்டு மடங்கு, அடிக்குழி அதற்கும் கொஞ்சம் மேல். சராசரி 0.13 என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ டின்னைத் தகடாக விரித்தால் ஒரு பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர் வரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ஐந்தரைக்கு மேல். அதே ஒரு கிலோ அலுமினியம் கட்டியாக இருந்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் மேற்பரப்பு அரைச் சதுர அடிகூட இல்லை. அலுமினியம் காற்றில் பட்ட இடமெல்லாம் ஆக்சைடு தோல் போர்த்திக்கொள்ளும். உலோகம் 660 டிகிரியில் உருகும். அந்தத் தோல் 2,000 டிகிரி தாண்டியும் உருகாது. உள்ளே உருகியது வெளியே வர முடியாமல் தோலுக்குள்ளேயே தேங்கி நிற்கும். மேலே எழுதிய மூன்று எண்களும் இந்தத் தோலோடு நடந்த சண்டையின் கணக்குதான்.

பொறுக்குவது

முதல் கருவி காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். காபி, பால் கலந்த பானங்கள் சில இரும்பு டின்னில் வரும். மூடி மட்டும் அலுமினியமாக இருக்கும். மூடியில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு அலுமினியம் என்று முடிவு கட்டக்கூடாது, உடம்பில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு இரும்பு டின் உருகாமல் மூசையில் கிடந்தால் எடுத்துப் போடலாம். நேரம் ஆக ஆக அதிலிருந்து இரும்பு கரைந்து அலுமினியத்தில் ஏறிவிடும், ஏறியதைப் பிரிக்க வழியே இல்லை. கொசு மருந்து, வாசனை ஸ்பிரே டின்கள் இந்த வேலைக்கே ஆகாது. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் வெடிக்கும்.

நசுக்கிய டின்தான் எல்லாவற்றிலும் ஆபத்து. மண்டபத்தில் காலால் மிதித்து எறிந்த டின்னுக்குள் ஒரு தேக்கரண்டி பானம் சிக்கியிருந்தாலும் வெளியே தெரியாது. அது உருகிய உலோகத்துக்குள் அமுங்கினால் ஒரே நொடியில் நீராவியாகி, மேலே இருக்கும் உலோகத்தைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அதனால் நசுங்கி வந்ததையெல்லாம் தகரக் கத்திரியால் வெட்டித் திறந்தோம். நசுங்காததை ஒரு முறை தண்ணீரில் அலசிக் கவிழ்த்து, இரண்டு நாள் வெயிலில் போட்டோம். மழை மாதங்களில் வெயிலை நம்ப முடியாது. 150 டிகிரியில் அரை மணி நேரம் சுட வைப்பது நல்லது. டின்னை நிமிர்த்தி வெளியே வைத்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு வளரும், பிறகு சுகாதார அதிகாரிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். சிகரெட் துண்டு, மணல், உறிஞ்சுகுழல் எல்லாம் உள்ளேயிருந்து வரும். எடை கூட்டுவதற்காக மணலைப் போட்டு நசுக்கி விற்பவர்களும் உண்டு என்பதால், பழைய இரும்புக்கடையில் டின்னைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள்.

320 மில்லி டின்கள்தான் பெரும்பாலானவை. ஒன்று 13 கிராமுக்குச் சற்று மேலே. கிலோவுக்கு 74 பிடித்தது. வளையத்தை மட்டும் தனியே பிய்த்துச் சேர்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது ஒன்றும் தனி உலோகம் இல்லை. ஒரு வளையம் ஏறத்தாழ 0.3 கிராம், ஒரு கிலோ சேர்க்க மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். டின்னோடேயே இருக்கட்டும்.

உலை

உலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் டின், உள் விட்டம் 29 செ.மீ. உள்ளே தீக்காரை, அதாவது நெருப்புக்குத் தாங்கும் காங்கிரீட் கலவை, சுற்றிலும் நாலரை செ.மீ., அடியில் 6 செ.மீ. 25 கிலோ மூட்டை ஒன்று போதவில்லை, ஒன்றேகால் பிடித்தது. தண்ணீரை மூட்டையில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூட ஊற்றக்கூடாது. பூசுவதற்கு இளகலாக இருந்தால் கைக்குச் சுகம்தான், காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு நாள் ஈரச் சாக்கு போர்த்தி, ஒரு வாரம் நிழலில் ஆறவிட்டு, பிறகு கொஞ்சம் கரியோடு 100 டிகிரிப் பக்கம் சில மணி நேரம், அதற்குப் பிறகு மணிக்கு 50 டிகிரி வீதம் ஏற்றினோம். பினாங்கு ஈரப்பதத்தில் ஒரு வாரம் என்பது குறைந்தபட்சம்.

காற்றுக் குழாய் ஒன்றேகால் அங்குல இரும்புப் பைப். அதன் வாய் உலைத் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மூசை உடைந்தால் உருகிய உலோகம் தரையில் தேங்கட்டும், பைப் வழியாகப் புளோவருக்குள் போகக்கூடாது. பைப்பை நடுமையத்தைப் பார்த்து வைக்காமல் ஓரமாகத் திருப்பி வைத்தால் காற்று மூசையைச் சுற்றிச் சுழலும். நேராக வைத்தால் மூசையின் ஒரு பக்கம் மட்டும் சிவந்து, கொஞ்ச நாளில் அங்கேயே விரிசல் விடும்.

எரிபொருள் கோலா செபெத்தாங் பக்கம் செய்யும் பாக்காவ் மரக்கரி. சதுப்புநில மரம் என்பதால் கெட்டி, சாம்பல் குறைவு, நின்று எரியும். மூசை, நகைப் பத்தர்கள் வைத்திருப்பதன் பெரிய அண்ணன்: களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்தது, மேல்வாய் 12 செ.மீ., உயரம் 15 செ.மீ. விளிம்புவரை 2 கிலோ அலுமினியம் கொள்ளும்; முக்கால்தான் நிரப்ப வேண்டும். பழைய இரும்புக் குழாயின் அடியை அடைத்து மூசையாக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அலுமினியக் குழம்பு இரும்பைத் தின்னும். நாலைந்து உருக்கில் அடி மெலிந்து, ஒரு நாள் தூக்கும்போது ஒழுகும்.

சூடு பார்க்கக் கே வகை வெப்ப உணரி. அதன் எவர்சில்வர் உறையும் இதே மாதிரி கரையும். வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசிக் காயவைத்து, குழம்பில் கால் நிமிடம் முக்கி எடுத்துவிட வேண்டும். தரையில் 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த மணல். வெறும் சிமெண்டுத் தரையில் உலோகம் சிந்தினால் சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகித் தரையே தெறிக்கும். சிலிப்பர் போட்டுக்கொண்டு வருபவர்கள் மணல் எல்லைக்கு வெளியே நிற்கட்டும்.

சாயம்

டின்னின் வெளியே மையும் மெருகும், உள்ளே பானம் உலோகத்தில் படாமலிருக்கப் பிளாஸ்டிக் பூச்சு. தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். எடையில் அது 2 முதல் 3 சதவீதம். இந்தப் பூச்சோடு மூசையில் போட்டால் தீப்பிடித்து எரிந்து, அந்த இடத்துச் சூட்டை ஏற்றிவிட்டு, கரியையும் ஆக்சைடையும் பின்னிப் பிணைத்துவிட்டுப் போகும். புகையும் மோசம். திறந்த தரையில் குவித்துக் கொளுத்துவது பேச்சுக்கே இடமில்லை: 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், கொடியில் துணி காயப்போட்ட பக்கத்து வீட்டு அக்கா விடமாட்டார்.

செய்தது இப்படி. சதுர பிஸ்கட் டின் ஒன்று, முதலில் வெறுமனே சுட்டு அதன் சாயமும் வெள்ளீய முலாமும் போனது. அடித்தட்டில் 5 மில்லிமீட்டர் துளைகள் பன்னிரண்டு. மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, உலை வாயில் இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் உட்கார வைத்தோம். மூடியின் நடுவில் உணரி நுழையும் அளவுக்கு ஒரு துளை. புகை மேலே போக வழியில்லாமல் அடித்துளை வழியாகக் கரி நெருப்புக்குள்ளேயே இறங்கி எரிந்துபோகும். முதல் பத்து நிமிடம் அடியில் மஞ்சள் சுடர் நாக்கு நீட்டுவது தெரியும். அது நீலமாகி அடங்கினால் புகை தீர்ந்தது. பெரிய தொழிற்சாலைகளிலும் அடிப்படை இதேதான். சுழலும் சூளையில் துண்டாக்கிய டின்னை 500 டிகிரியை ஒட்டிச் சுட்டு, வரும் புகையைத் தனி அறையில் எரித்து, அந்தச் சூட்டையே திரும்பச் சூளைக்கு விடுகிறார்கள்.

உணரியில் 480-லிருந்து 520-க்குள் இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஏன் போகக்கூடாது என்பதற்குக் காரணம் மூடி. உடம்பு 3104 வகைக் கலப்புலோகம்: மாங்கனீசு, மக்னீசியம் இரண்டும் ஏறத்தாழ ஒவ்வொரு சதவீதம். மூடி 5182: மக்னீசியம் நாலரை சதவீதம். திறக்கும் கோட்டில் சரியாகக் கிழியவும், வளையத்தின் இழுப்பைத் தாங்கவும் அந்தக் கெட்டித்தனம் வேண்டும். ஆனால் மக்னீசியம் கூடக் கூட உருகத் தொடங்கும் சூடு இறங்கும். உடம்பு 630 வரை தாங்கும்போது மூடி 577-லேயே நொறுங்கத் தொடங்கிவிடும். முதல் தடவை பிஸ்கட் டின்னின் அடியில் டின்களை நேரடியாகக் குவித்ததில் நடு உணரி 510 காட்டியது. அடியில் கிடந்த மூடிகளோ அதற்குள் கைபட்டால் உதிரும் பொரித்த அப்பளமாக ஆகியிருந்தன. அடுத்த தடவை அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் கம்பிவலை போட்டதும் சரியானது.

சுடர் அடங்கிய பிறகு மூடியை ஒரு விரல் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட்டோம். கறுப்பாகப் படிந்திருந்த கரி போய் டின் மங்கிய சாம்பல் நிறத்துக்கு வந்தது. ஒரு கிலோ போட்டதில் 972 கிராம் நின்றது. இரண்டாவது, மூன்றாவது கிலோ இரண்டையும் இப்படித்தான் சுட்டோம், 37 டின் வீதம் இரண்டிரண்டு தடவை.

வில்லை பிடிக்க 8 செ.மீ. உள் விட்டமுள்ள கனமான இரும்புக் குழாய்த் துண்டு, அதற்குள் நுழையும் இரும்பு வட்டு, 6 டன் பாட்டில் ஜேக். ஐந்து டின்னுக்கு ஒரு வில்லை, ஒன்றரை செ.மீ. கனம். இன்னும் இறுக்கினால் நல்லது என்று தோன்றும், ஆனால் சுடாத டின்னை இந்த அளவுக்கு அழுத்தினால் நடுவில் ஈரம் மாட்டிக்கொள்ளும். சுட்ட பிறகுதான் அழுத்த வேண்டும், வரிசை மாறக்கூடாது.

மூன்று உருக்கு

முதல் கிலோ. மூசை மட்டும் சிவந்து நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. சாயம் எரிக்காத டின், லேசாக நசுக்கி, ஒவ்வொன்றாக. விழுந்ததும் சாயம் பற்றி எரியும். பிறகு டின் வாடிய வாழையிலை மாதிரி சுருங்கும். சுருங்கி அப்படியே நிற்கும், உருகி ஓடாது. உள்ளே இருப்பது திரவம்தான். ஆக்சைடு தோல் பாலாடை போல அதைச் சுற்றிப் பிடித்திருக்கும். இரும்புக் கம்பியால் குத்தினால் வெள்ளியாக ஒரு துளி எட்டிப் பார்த்து, அதற்கும் உடனே தோல் மூடும். இருபது டின் ஆவதற்குள் மூசை பாதி சாம்பல் நிறத் தவிடாக நிரம்பிவிட்டது. சூடு போதவில்லை என்று நினைத்துக் காற்றை ஏற்றுவதுதான் இந்த இடத்தில் எல்லாரும் செய்யும் தவறு. 800 டிகிரிக்கு ஏற்றினால் அந்தத் தவிடே தணலாகப் பளபளத்து எரியத் தொடங்கும். எரிவது கரி இல்லை, அலுமினியமும் அதிலுள்ள மக்னீசியமும். ஏற்றின சூட்டுக்கு உலோகத்தையே விறகாகக் கொடுத்த கதைதான். கம்பியால் அழுத்தி அழுத்திப் பிழிந்ததில் அடியில் சேர்ந்தது 588 கிராம். மேலே கசடு ஒரு குவியல்.

இரண்டாவது கிலோ. சுட்ட வில்லைகள், உப்பு இல்லை. தீப்பிடிக்கவில்லை, புகையில்லை. முதல் மூன்று வில்லைகள் வெறும் மூசையில் உருக வேண்டியிருந்ததால் அவற்றில் பாதி தவிடாகவே போனது. குழம்பு கொஞ்சம் சேர்ந்த பிறகு போட்டவை நன்றாக இறங்கின. ஆனால் தானாக இறங்காது. குழம்பின் அடர்த்தி 2.4-ஐ ஒட்டி, வில்லைக்குள் காற்று இருப்பதால் அது 0.9-தான். மேலே மிதந்துகொண்டே எரிந்து போகும். கம்பி முனையில் வட்டத் தகடு பற்ற வைத்த அமுக்கி ஒன்று செய்து, களிமண் பூசி, உலை விளிம்பில் காயவைத்து, வில்லையைக் குழம்புக்குள் பத்து நொடி அமுக்கிப் பிடித்தோம். 694 கிராம்.

மூன்றாவது கிலோவுக்கு இரண்டாவதில் வந்த கட்டிகளில் 300 கிராமை முதலில் உருக்கிக்கொண்டோம். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான்: மூசையில் எப்போதும் கொஞ்சம் குழம்பு இருக்க வேண்டும், புதிது அதற்குள் முங்க வேண்டும், காற்றைப் பார்க்கவே கூடாது. தொழிற்சாலை உலைகளில் பக்கவாட்டில் ஒரு தொட்டி வைத்து, குழம்பைப் பம்பால் சுழற்றிச் சுழி உண்டாக்குவதும் இதற்குத்தான். சுட்ட துண்டுகள் சுழியில் விழுந்து, நெருப்பைக் காணாமலேயே உள்ளே இழுபட்டுக் கரைந்துவிடும்.

உப்பு: சமையல் உப்பு 40 கிராம், பொட்டாசியம் குளோரைடு 40 கிராம். இரண்டாவது இங்கே கிடைப்பதற்குப் பஞ்சமே இல்லை. செம்பனைத் தோட்டத்துக்குப் போடும் சிவப்பு மியூரியேட் உரம் அதுதான். சிவப்பு, அதில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு. தூய்மை வேண்டுமென்றால் வெள்ளை வகை வாங்க வேண்டும். தனித்தனியே இரண்டும் 770, 800 டிகிரி வரை உருகாது. சரிபாதி கலந்தால் 660-ஐ ஒட்டி உருகும். அலுமினியமும் அங்கேதான் உருகுகிறது என்பதால் இந்தச் சோடி அமைந்தது. ஆக்சைடு தோலை உப்புக் குழம்பு நனைத்து உரித்துவிட, உள்ளே மாட்டிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கீழே இறங்கும். நகை வேலையில் போடும் வெங்காரம் வேண்டாமா என்று கேட்பார்கள். அது உருகவே 740 தாண்ட வேண்டும். அலுமினியத்துக்கு ஒத்துவராத கூட்டாளி. கொஞ்சம் கிரையோலைட் என்ற தாதுப்பொடி சேர்த்தால் தோல் இன்னும் சுத்தமாக உரியும், ஆனால் ஃபுளோரைடு புகை வரும். பட்டறைக்குள் அந்த வேலை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

உப்பை 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்து, சூடாகவே மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் அரை மணி நேரம் திறந்து கிடந்தாலே கசிந்துவிடும். கசிந்த உப்பைத் தூவினால் பொரி வெடிப்பது போலத் தெறிக்கும். அதோடு தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் குழம்பில் கரைந்து, ஆறும்போது ஊசித் துளைகளாக வெளிப்படும்.

சூடு 700-லிருந்து 730-க்குள் நிறுத்தி, வில்லைகளை ஒவ்வொன்றாக அமுக்கி, எல்லாம் முடிந்ததும் ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்கினோம். தவிடாக இருந்தது தளர்ந்து, காய்ந்த கறுப்பு மண் மாதிரி உதிரியாக மேலே ஒதுங்கியது. அதுதான் அடையாளம். கசடு ஈரமாகப் பளபளத்தால் உள்ளே இன்னும் உலோகம் இருக்கிறது. உதிரியாக இருந்தால் வழித்தெடுக்கலாம். உறைக்குப் போட்ட 300 கிராமைக் கழித்து 835.

வார்ப்பது

அச்சுக்கு எடுத்தது பன்னிரண்டு குழிப் பணியாரக் கல். வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். இப்போது கடையில் தொங்குவதில் பாதி அலுமினியத்தில் கறுப்புப் பூச்சுப் பூசியது. அதில் ஊற்றினால் கல்லும் சேர்ந்து உருகும். துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, மெழுகுவத்திப் புகையைக் குழிகளில் படியவிட்டு, 150 முதல் 200 டிகிரிவரை சூடாக்கினோம். சூடு வந்ததா என்று தண்ணீர் தெளித்துப் பார்க்கும் பழக்கத்தை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். குழிக்கு 65 கிராம் அளவில் பிடிக்கும். ஒருமுறை இதற்கு எடுத்த கல்லில் மறுபடி பணியாரம் சுடக்கூடாது.

720 டிகிரியில், கசட்டைக் கரண்டியால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்வாக, மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் தாரையைச் சுற்றி ஆக்சைடு குழாய் உண்டாகி அதுவும் உள்ளே மடிந்து போகும். ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஒரு குழிவு விழும். அது வார்ப்புப் பிழையில்லை. ஆறும்போது கன அளவு ஆறேழு சதவீதம் சுருங்குவதால் வருவது.

ஒரு கட்டியை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தோம். முதல் உருக்கின் கட்டியில் பஞ்சு மாதிரி துளைகள், இடையிடையே கறுப்பு ஆக்சைடு மடிப்புகள். மூன்றாவதில் நடுவில் மட்டும் ஊசித் துளைகள் சில. மணல் அச்சில் ஒரு கொக்கி வார்த்துப் பார்த்ததற்குப் பலன் கிடைக்கவில்லை. கொக்கியின் உள்வளைவில் மயிரிழையாக விரிசல். டின் கலப்புலோகம் தகடாக உருட்டுவதற்குச் செய்தது, அச்சில் ஓடுவதற்கு இல்லை. சிலிக்கான் இல்லாததால் குழம்பு மந்தமாக ஓடும், உறையும்போது மூலைகளில் கிழியும். மோட்டார் சைக்கிள் ஸ்போர்ட் ரிம்மில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கான், பிஸ்டனில் பொதுவாக 12-ஐ ஒட்டி. பொருள் வார்க்க வேண்டுமென்றால் உடைந்த ரிம்மை உருக்குங்கள், டின்னை விடுங்கள். சமையல் உப்பின் சோடியமும் இந்த விரிசலில் பங்கு வைத்திருக்கலாம். மக்னீசியம் கூடிய அலுமினியத்தில் துளி சோடியம் ஏறினாலும் சூட்டில் நொறுங்கும். அதனால்தான் மூடிக்கான உலோகத்தைச் சுத்திகரிக்கும்போது சோடியம் இல்லாத உப்பைத் தேடுகிறார்கள்.

மறுபடி டின்னாவது

உடம்பும் மூடியும் ஒன்றாக உருகினால் மக்னீசியம் 1.8 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும்: உடம்புக்கு அதிகம், மூடிக்குக் குறைவு. தொழிற்சாலையில் மக்னீசியத்தில் ஒரு பங்கு எரிந்து போக, புது அலுமினியமும் தேவையான உலோகமும் கலந்து உடம்புக்கான அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். மூடிக்கு அவ்வளவு சுலபமில்லை, மாங்கனீசு கூடிப் போயிருக்கும், கூடியதை எடுக்க முடியாது. பழைய டின் பெரும்பாலும் புது டின்னின் உடம்பாகிறது என்பதன் காரணம் இது.

பிறகு பல டன் எடையுள்ள பாளமாக வார்த்து, மேல்தோலைச் சீவி, மணிக்கணக்கில் சூட்டில் ஊறவைத்து, சூடாகவும் பிறகு குளிராகவும் உருட்டி, கால் மில்லிமீட்டர் தகடாக்குவார்கள். தகட்டிலிருந்து வட்டம் வெட்டிக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தை வளையங்களுக்குள் தள்ளி இழுக்கும்போதுதான் சுவர் 0.1 மில்லிமீட்டருக்கு மெலிகிறது. அடி மட்டும் தகட்டின் பழைய கனத்திலேயே நிற்கும். நிமிடத்துக்கு 2,000 டின் ஓடும் வரிசையில் ஒரு ஆக்சைடு துகள் மாட்டினால் சுவர் கிழிந்து வரிசையே நிற்கும். எங்கள் மூன்றாவது கட்டி நல்ல கட்டிதான், ஆனாலும் அந்த வரிசையில் அரை நிமிடம் தாங்காது. தென் கொரியாவின் யோங்ஜூவில் நோவெலிஸ் நிறுவனம் 2012-இல் திறந்த ஆலை பழைய டின்னிலிருந்து இப்படித் தகட்டுப் பாளம் வார்க்கிறது.

எரிபொருள் கணக்கும் பார்த்துவிட வேண்டும். அலுமினாவிலிருந்து, அதாவது தாதுவிலிருந்து பிரித்த அலுமினிய ஆக்சைடிலிருந்து, புதிதாக அலுமினியம் எடுக்க கிலோவுக்கு 14 யூனிட்டை ஒட்டி மின்சாரம் போகும். சரவாக்கின் சமலாஜுவில் உருக்காலை இருப்பது பாக்கூன் போன்ற நீர்மின் அணைகளின் மின்சாரத்துக்காகத்தான். பழையதை உருக்கினால் 95 சதவீதம் மிச்சம் என்பார்கள், அது ஆலைக்கு உண்மை. ஒரு கிலோவை உருக்கத் தேவையான சூடு 0.3 யூனிட்தான். எங்கள் முதல் உருக்கு குளிர்ந்த உலையில் 4 கிலோ கரி தின்றது, கரிக் கணக்கில் 33 யூனிட். மூன்றாவது, உலை சூடாக இருந்ததால் 1.6 கிலோ, 13 யூனிட். வந்த 835 கிராமுக்கு வகுத்தால் கிலோவுக்கு 16. கரிச் சூடும் மின்சாரமும் ஒன்றில்லைதான். ஆனாலும் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் டின் உருக்க வேண்டியதில்லை.

கசடு

ஆறிய கசட்டை உடனே டப்பாவில் போட்டு மூட வேண்டும். மூன்றாம் நாள் ஒரு கரண்டிக் கசட்டில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம்: அமோனியா நெடி மூக்கைப் பிடித்தது. சூட்டில் அலுமினியம் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்ந்து உண்டான நைட்ரைடு, தண்ணீர் பட்டதும் விடும் நெடி. கூடவே தீப்பிடிக்கும் வாயுவும் வரலாம். லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கொட்டினால் உப்பு, நெடி, மீன் சாவு எல்லாம் சேர்ந்து வரும். ஆலைகளுக்கு இது எஸ்.டபிள்யூ. 104 என்ற குறியீட்டின் கீழ் வரும் திட்டமிடப்பட்ட கழிவு, 2005 விதிகளின்படி. ஆலைக்கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவரிடம் போகவேண்டிய சரக்கு. மூன்று உருக்கிலும் சேர்த்து ஒரு பால்மாவு டின் நிறைய வந்தது.

கட்டிகளையும், உருக்காமல் வைத்திருந்த இரண்டு கிலோ டின்னையும் ஒன்றாகவே பழைய இரும்புக்கடைக்கு எடுத்துப் போனோம். டின்னைக் குலுக்கிப் பார்த்து, அன்றைய டின் விலைக்கு நிறுத்துக்கொண்டார்கள். கட்டியைக் கடைக்காரர் கையில் உருட்டினார், ரம்பத்தால் ஒரு ஓரத்தை அறுத்துத் துளைகளைப் பார்த்தார், பிறகு கிலோவுக்கு டின்னைவிடக் குறைத்துத்தான் விலை சொன்னார். டின் என்றால் உள்ளே என்ன கலப்பு என்று வாங்குகிற ஆலைக்குத் தெரியும். கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?